பெரிய வீடியோவும் தினசரி வீடியோவும்: இரண்டையும் சேர்த்து நடத்துவது எப்படி?

2015 மார்ச்சில் நியூயார்க்கைச் சேர்ந்த கேசி நைஸ்டட் யூடியூப்பில் தினமும் ஒரு வீடியோ போடத் தொடங்கினார். அதற்கு முன்பே அவர் தெரிந்த முகம்தான். 2010-இல் அண்ணன் வான் நைஸ்டட்டுடன் சேர்ந்து எச்பிஓ தொலைக்காட்சிக்கு ஒரு தொடர் செய்தவர். சைக்கிள் பாதையை விட்டு விலகி ஓட்டியதற்காக போலீஸ் அபராதம் போட்டபோது, அந்தப் பாதைக்குள்ளேயே ஓட்டி, அங்கே மறித்து நின்ற ஒவ்வொன்றின் மீதும் மோதி விழுந்து 2011-இல் ஒரு சிறு படம் எடுத்தார். அது உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த மாதிரிப் படங்களை அவர் நேரம் எடுத்துச் செய்வார், எப்போதாவதுதான் வெளியிடுவார்.

தினசரி வீடியோவை 2016 நவம்பர் வரை நடத்தினார். அந்தக் காலத்தில் அவருடைய சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது 2016 ஜனவரி. நியூயார்க்கில் பெரும் பனிப்புயல், தெருவெல்லாம் பனி. நைஸ்டட் ஒரு ஜீப்பின் பின்னால் கயிறு கட்டி, பனிச்சறுக்குப் பலகையில் நின்றுகொண்டு மன்ஹாட்டன் சாலைகளில் இழுபட்டுப் போனார். வழக்கமான தினசரி வீடியோ போல இல்லாமல், இசையும் வெட்டும் கச்சிதமாகச் சேர்ந்த ஒரு படமாக அது வந்தது. கோடிக்கணக்கில் பார்த்தார்கள். அப்படிப் பார்த்துவிட்டுச் சேனலுக்குள் வந்த புதியவருக்கு மறுநாள் காலையிலும் பார்க்க ஒரு வீடியோ இருந்தது, அதற்கு அடுத்த நாளும் இருந்தது.

புதிதாகச் சேனல் தொடங்குகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில் முழுவதுமாக இருக்கிறது. உழைத்துச் செய்த வீடியோ ஆளை வாசலுக்குக் கூட்டிவருகிறது. அடிக்கடி வரும் எளிய வீடியோ அவரை உள்ளே உட்கார வைக்கிறது. இந்தக் கட்டுரையில் முதல் வகையைப் பெரிய வீடியோ என்றும், இரண்டாவதைத் தினசரி வீடியோ என்றும் சொல்கிறேன். தினசரி என்றால் ஏழு நாளும் கட்டாயம் என்று பொருள் இல்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் போதும். ஆனால் வரும் என்று சொன்ன நாளில் வர வேண்டும்.

நம் வார இதழ்கள் இதைப் பல தலைமுறையாகச் செய்துவந்தன. வாரா வாரம் வந்த இதழ் வாசகரின் பழக்கமானது. தீபாவளி மலரோ பல மாத வேலை, நல்ல தாள், வண்ணப் படங்கள், வாங்கியவர் வீட்டில் வருடக்கணக்கில் இருக்கும். மலர் மட்டும் போட்டிருந்தால் அந்த இதழ் வாசகர் மனதில் நின்றிருக்காது. இதழ் மட்டும் போட்டிருந்தால், எடுத்து வைத்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

ஒரு வகையை மட்டும் வைத்து வளரவே முடியாதா? முடியும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் தினமும் வீடியோ போட்டு வளரவில்லை. பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் சேர்ந்து திறந்த வெளியில், பெரிய பாத்திரங்களில், ஒரு ஊருக்கே ஆகும் அளவு சமைத்து எடுத்த வீடியோக்கள் தனித்தனியாகவே நின்றன. 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் அதுதான். ஆனால் அங்கே வேலையைப் பகிர்ந்துகொள்ள ஒரு குழுவே இருக்கிறது. பேச்சு அதிகம் இல்லாததால் தமிழ் தெரியாதவர்களும் பார்க்கலாம். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் தனியாக எடிட் செய்கிற ஒருவர் அந்த வழியை அப்படியே எடுத்துக்கொண்டால், முதல் வீடியோவுக்கும் இரண்டாவதுக்கும் இடையே மூன்று மாதம் போய்விடும். சேனல் அங்கேயே நின்றுபோகும். தொடங்குகிற பலருக்கு நடப்பது இதுதான்.

இரண்டும் செய்யும் வேலை வேறு

யூடியூப் ஒரு வீடியோவை யாருக்குக் காட்டுவது என்பதைப் பார்வையாளரின் நடத்தையை வைத்து முடிவு செய்கிறது. தலைப்பையும் தம்ப்நெயில் எனப்படும் முகப்புப் படத்தையும் பார்த்து எத்தனை பேர் தொடுகிறார்கள், தொட்டவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், பார்த்து முடித்து திருப்தியாகப் போகிறார்களா என்பவை முக்கியம். 2012-க்கு முன் வியூஸ் எண்ணிக்கைக்குத்தான் பெரிய மதிப்பு இருந்தது. அதனால் ஏமாற்றுத் தம்ப்நெயில்கள் பெருகின. 2012-இல் பார்க்கப்பட்ட நேரத்துக்கு முக்கியத்துவம் கொடுக்கும்படி மாற்றினார்கள்.

பெரிய வீடியோவுக்கு இதில் நல்ல இடம் உண்டு. யாரோ ஒருவர் தேடும் கேள்விக்கு அது முழுப் பதிலாக இருந்தால், தேடல் வழியாக மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். போட்ட வாரத்தில் நூறு பேர் மட்டும் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. இந்த வீடியோவுக்கு ஆயுள் அதிகம்.

தினசரி வீடியோவின் ஆயுள் குறைவு. அதை ஆறு மாதம் கழித்துத் தேடி வருகிறவர்கள் சிலர்தான். ஆனால் உங்கள் முகம், குரல், பேசும் விதம் எல்லாம் பழகுவது அதில்தான். அடுத்த முறை முகப்புப் பக்கத்தில் உங்கள் பெரிய வீடியோ வந்தால், ‘இவங்களைத் தெரியுமே’ என்று கை தானாகத் தொடும். இன்னொரு பயன் உங்களுக்கே. கேமரா முன் தடுமாறாமல் பேசுவது, முதல் பத்து நொடியில் விஷயத்தைச் சொல்லிவிடுவது, எங்கே வெட்டினால் உறுத்தாது என்று தெரிவது எல்லாம் எண்ணிக்கையால்தான் கைக்கு வரும். மாதம் ஒரு வீடியோ எடுப்பவருக்கு இந்தப் பயிற்சி கிடைக்க நெடுநாள் ஆகும்.

இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. அன்றிலிருந்து தினசரி வீடியோ என்றால் பலருக்கும் செங்குத்து வீடியோதான். முதலில் 60 நொடி வரைதான் என்று இருந்தது, 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம். ஒரு கேள்வியை எடுத்து, பதில் சொல்லி, செய்தும் காட்ட மூன்று நிமிடம் தாராளம்.

ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகப் பேசினால் புரிந்த மாதிரி இருக்கும், செய்ய உட்கார்ந்தால் ஒன்றும் ஓடாது. அதனால் ஒரு உதாரணம். சிறிய ஊரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, ப்ளவுஸ் தைக்கக் கற்றுக்கொடுக்கும் சேனல் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பெரிய வீடியோ எதுவாக இருக்கலாம்? அளவு ப்ளவுஸ் இல்லாமல், உடம்பில் அளவெடுத்து, பிரின்சஸ் கட் ப்ளவுஸ் வெட்டித் தைப்பது. இருபது நிமிட வீடியோ. அளவெடுப்பதை ஒரு ஆளை நிறுத்திக் காட்ட வேண்டும். பேப்பரில் வரைவதை மேலிருந்து எடுக்க வேண்டும், கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். கை இணைக்கும் இடத்தை அருகில் வைத்து எடுக்க வேண்டும், ஏனென்றால் கற்றுக்கொள்பவர்கள் திணறுவது அங்கேதான். கடைசியில் அதைப் போட்டுப் பார்த்து, தோளும் கழுத்தும் சரியாக உட்கார்ந்ததைக் காட்ட வேண்டும். இதில் அவசரப்பட்டால் கெட்டுப்போகும். ஒரு அளவு தப்பாகச் சொன்னால் எங்கோ ஒருவர் வீட்டில் நல்ல துணி ஒன்று வீணாகும். அதனால் இது உழைத்துச் செய்ய வேண்டிய வீடியோ. அழகுக்காக மட்டும் உழைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய வீடியோவில் மெருகு என்பதே முதலில் தெளிவுதான். டிரோன் காட்சியும் பறக்கும் எழுத்துகளும் அதற்குப் பிறகு வந்தால் போதும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

தினசரி வீடியோவுக்கு என்ன செய்வார்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். தினமும் புதிதாக என்ன சொல்வது என்று யோசித்து யோசித்தே களைத்துவிடுகிறார்கள். தனியாக யோசிக்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பெரிய வீடியோ செய்யும்போதே தினசரி வீடியோக்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும், பொறுக்கி எடுத்தால் போதும்.

லைனிங் துணியை வெட்டும் முன் நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் துவைத்த பிறகு சுருங்கி மேல்துணியை இழுக்கும். இது ஒரு வீடியோ. மெஷினில் அடியில் நூல் கொத்துக் கொத்தாக விழுகிறது, மேல்நூலைச் சரியாகக் கோத்து, அழுத்தும் பாதத்தை இறக்கித் தைத்துப் பாருங்கள். இது ஒன்று. பருத்திக்கு 14-ஆம் நம்பர் ஊசி, மெல்லிய பட்டுக்கு 11 என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கொக்கிப் பட்டியில் எந்தப் பக்கம் மேலே வரும் என்பது இன்னொன்று. கடைக்கு வந்த பழைய ப்ளவுஸை எப்படிப் பிரித்துப் பெரிதாக்கினார் என்பதை, வேலை செய்துகொண்டே கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்துவிடலாம். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி, ஒரே பதில். எடிட்டிங் என்றால் முன்னும் பின்னும் வெட்டுவது மட்டும்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தினசரி வீடியோவின் கீழே ஆட்கள் கேட்பார்கள். ‘அக்கா, எனக்கு அக்குள் பக்கம் சுருக்கம் விழுது, என்ன செய்யணும்?’ ஒருவர் கேட்டால் பதில் எழுதலாம். பத்துப் பேர் வெவ்வேறு நாளில் அதையே கேட்டால், அடுத்த பெரிய வீடியோ எதைப் பற்றி என்று முடிவாகிவிட்டது. சுருக்கம் ஏன் விழுகிறது, அளவெடுத்ததில் தவறா, ஆர்ம்ஹோல், அதாவது கை இணையும் வளைவு, வெட்டியதில் தவறா, கை இணைத்ததில் தவறா என்று அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து ஒரு இருபது நிமிடம். கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள், அது தேடலிலும் நிற்கும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி

இரண்டையும் போட்டால் மட்டும் போதாது, நடுவே நடைபாதை வேண்டும். ஷார்ட்ஸ் பார்ப்பவர் விரலால் தள்ளிக்கொண்டே போகும் மனநிலையில் இருக்கிறார். அவரை இருபது நிமிட வீடியோவுக்குக் கூட்டிவருவது சுலபம் இல்லை. ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமெண்டிலும் லிங்க் கொடுத்துப் பயன் இல்லை. 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து அங்கே கொடுக்கும் லிங்கைத் தொட்டால் திறக்காது. அதற்குப் பதிலாகத் தொடர்புடைய வீடியோ என்று ஒரு வசதி வந்தது. ஷார்ட்ஸைப் பதிவேற்றும்போது உங்கள் பெரிய வீடியோ ஒன்றை அதில் இணைத்தால், பார்ப்பவர் ஒரே தொடலில் அங்கே போகலாம். பல புதியவர்களுக்கு இது இருப்பதே தெரிவதில்லை.

இணைக்கும்போது பொருத்தம் பாருங்கள். லைனிங் நனைப்பதைப் பற்றிய ஷார்ட்ஸுக்குக் கீழே லைனிங் ப்ளவுஸ் வெட்டும் வீடியோ இருக்க வேண்டும். நேற்றுப் போட்டது என்பதற்காகச் சுடிதார் வீடியோவை இணைத்தால் யாரும் தொட மாட்டார்கள். அப்புறம், பெரிய வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடிக்குள் இறுதித் திரையில் அடுத்த வீடியோவைக் காட்டலாம். அந்த நொடிகளில் ‘நன்றி, வணக்கம்’ என்று விடைபெறுவதைவிட, அடுத்து எதைக் கற்றுக்கொண்டால் நல்லது என்று சொல்லிக் கையைக் காட்டுவது பலன் தரும்.

வருமானம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பர வருமானத்தில் முழுப் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபர்களும், அதோடு கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாட்களில் ஷார்ட்ஸில் ஒரு கோடி வியூஸோ வேண்டும். ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்பட்ட நேரம் அந்த 4,000 மணியில் சேராது. ஒரு கோடி வியூஸ் புதியவருக்குத் தொலைதூரம். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். இருபது நிமிட வீடியோக்களைச் சராசரியாக ஆறு நிமிடம் பார்க்கிறார்கள் என்றால், எல்லா வீடியோவும் சேர்ந்து 40,000 பார்வைகள் தேவை. ஆயுள் அதிகமான நான்கைந்து பெரிய வீடியோக்கள் இருந்தால் எட்டக்கூடிய எண்தான். பங்கிலும் வித்தியாசம் உண்டு. நீண்ட வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளருக்கு, ஷார்ட்ஸில் அவருக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம். ஷார்ட்ஸை மட்டும் நம்பி வருமானம் எதிர்பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

நேரத்தைப் பங்கிடுவது

தையல்கார அக்காவுக்குக் திங்கள் முதல் சனி வரை கடை மூடிய பிறகு தினம் ஒன்றரை மணி நேரமும், ஞாயிறு மதியம் நான்கு மணி நேரமும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 13 மணி. வாரம் மூன்று தினசரி வீடியோ, ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் 2 மணி நேரம் போகிறது. மீதி 11 மணி. இரண்டு வாரத்தில் 22 மணி நேரம் சேர்ந்தால் ஒரு பெரிய வீடியோ நிம்மதியாக முடியும்.

ஆரம்ப உற்சாகத்தில் ஏழு நாளும் போடுகிறேன் என்று இறங்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் அழகாக்கலாமே என்று ஒன்றரை மணி நேரம் ஆக்கிவிட்டால்? பத்தரை மணி நேரம் அதற்கே போய்விடும். மீதி இரண்டரை மணியில் பெரிய வீடியோ எப்போதும் பாதியில்தான் கிடக்கும். தினசரி வீடியோ மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டே போகும் குணம் உடையது. முதலில் ஒரு பின்னணி இசை, அப்புறம் எழுத்து, அப்புறம் இரண்டாவது கேமரா. அதனால் அதற்கு ஒரு மேல்வரம்பு வையுங்கள். 40 நிமிடத்தில் முடியாதது அன்றைக்கு வேண்டாம். இரண்டு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம்: குரல் தெளிவாகக் கேட்க வேண்டும், காட்டும் பொருளின் மேல் வெளிச்சம் விழ வேண்டும். விலை குறைந்த காலர் மைக்கும் ஜன்னல் பக்கம் போட்ட மேஜையும் இதற்குப் போதும். தையல் மெஷின் ஓடும்போது பேசாமல், நிறுத்திவிட்டுப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மூன்று தினசரி வீடியோவையும் ஒரே நாளில் எடுத்து, வெளியாகும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிடலாம். யூடியூப்பில் அந்த வசதி இருக்கிறது. கேமரா நிறுத்துவதும் மேஜையைச் சுத்தம் செய்வதும் ஒரு முறையோடு முடியும்.

நிறையப் போட்டால் நிறையப் பேருக்குப் போகும் என்ற கணக்கும் ஒரு எல்லை வரைதான். பெல் அழுத்திய சப்ஸ்கிரைபருக்குக்கூட ஒரு சேனலிலிருந்து 24 மணி நேரத்தில் அதிகபட்சம் மூன்று அறிவிப்புகள்தான் போகும்.

உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் விசேஷம், கடையில் தீபாவளி நெருக்கடி. ஏதாவது ஒன்றை விட வேண்டி வந்தால் எதை விடுவது? தினசரி வீடியோவை விடுங்கள். சில நாள் வராது என்று இரண்டு வரி எழுதிப் போட்டால் பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். இடைவெளி விட்டதற்காகச் சேனலைத் தண்டிப்பதில்லை என்று யூடியூப் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். 2018-இல் உலகம் முழுக்கப் பிரபலமான பல யூடியூபர்கள், நிறுத்தாமல் போட்டுப் போட்டு மனமும் உடலும் சோர்ந்துவிட்டதாக வெளிப்படையாகப் பேசினார்கள். நைஸ்டட்கூட நன்றாக ஓடிக்கொண்டிருந்த தினசரி வீடியோவைத்தான் நிறுத்தினார், படைப்பாளியாக அது தனக்கு இனிச் சவாலாக இல்லை என்பதால். தினசரி என்பது ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டிய பொறுப்பு என்று நினைக்கத் தேவையில்லை. ஒரு பருவத்துக்கு நடத்தலாம், நிறுத்தலாம், மறுபடி தொடங்கலாம்.

சேனலுக்குச் சேனல் இந்த விகிதம் மாறும். செய்தி, கிரிக்கெட், பங்குச்சந்தை பேசுகிறவர்களுக்கு இன்றைக்குச் சொல்வதை இன்றைக்கே சொல்ல வேண்டும், அங்கே தினசரிதான் முதுகெலும்பு. வரலாறு, அறிவியல், கைத்தொழில் சொல்லித்தருபவர்களுக்குப் பெரிய வீடியோதான் சொத்து. உங்கள் விஷயம் ஒரு வருடம் கழித்தும் ஒருவருக்குப் பயன்படுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் பெரிய வீடியோவுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

மூன்று மாதம் ஆன பிறகு யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து பாருங்கள், அதற்கு முன் எண்களைத் தினமும் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்வையாளர்கள் பகுதியில் புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர், திரும்பி வருபவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். புதியவர்கள் நிறைய வந்து திரும்பாமல் போகிறார்கள் என்றால் தினசரி வீடியோவைக் கூட்டுங்கள், அல்லது பெரிய வீடியோவின் முடிவில் அடுத்ததைக் காட்டுகிறீர்களா என்று பாருங்கள். வந்தவர்களே வருகிறார்கள், புதியவர் இல்லை என்றால் ஒரு மாதம் தினசரியைப் பாதியாக்கி, அந்த நேரத்தில் தேடலில் நிற்கக்கூடிய ஒரு பெரிய வீடியோவைச் செய்யுங்கள். பார்வைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் அங்கேயே பார்க்கலாம். தேடலிலிருந்து வருகிறவர்கள் என்ன சொல்லைத் தட்டித் தேடி வந்தார்கள் என்பதும் அதில் இருக்கும். தையல்கார அக்காவுக்கு அந்தப் பட்டியலில் ‘கழுத்து அகலமாகப் போனால் சரிசெய்வது’ என்று ஒன்று இருந்து, அதற்கு அவரிடம் தனி வீடியோ இல்லை என்றால், அடுத்த ஞாயிறு மதியத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.